ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை: கண்டுபிடிப்பதிலிருந்து கழற்றி அனுப்புவது வரை ஒரு முழு வழிகாட்டி

மொட்டை மாடியில் ஒற்றை அறை, பின்பக்கம் சமையற்கட்டு, வண்டி நிறுத்த ஒரு சாய்ப்பு, வாடகைக்கு விட வரிசையாகக் கட்டிய நான்கு போர்ஷன். தமிழ்நாட்டில் இவற்றில் பாதிக்குமேல் சிமெண்ட் ஷீட்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஓடு மாற்றுகிற செலவு இல்லை, கான்கிரீட் போடுகிற செலவும் இல்லை. ஒரே நாளில் கூரை முடிந்துவிடும். இருபது முப்பது வருடம் கழித்து அந்த ஷீட் கறுத்து, பாசி பிடித்து, ஓரம் உதிர ஆரம்பிக்கும்போதுதான் "இது உடம்புக்கு ஆகாதாமே" என்ற பேச்சு வருகிறது.

பயந்துபோய் மறுநாளே ஆள் கூப்பிட்டு உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஷீட் முப்பது வருடம் கூரையில் கிடந்து வெளிவிட்ட தூசியைவிட, சுத்தியலால் உடைத்து இறக்கும் அரை நாளில் அதிகத் தூசி உங்கள் மூக்குக்குள் போகலாம்.

எது ஆபத்து, எது இல்லை

நம் ஊர் கூரை ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்டும் சாம்பலும்தான். அதை இறுக்கிப் பிடிக்கச் சேர்ப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழை. எடையில் சுமார் 8 முதல் 10 சதவீதம். நம் ஷீட்டில் இருப்பது கிரைசோடைல் என்ற வெள்ளை வகை. "வெள்ளை வகை பரவாயில்லை, நீலம்தான் கெட்டது" என்று ஒரு வாதம் அடிக்கடி காதில் விழும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும், வெள்ளையையும் சேர்த்துத்தான், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இழை சிமெண்டுக்குள் இருக்கும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால் காற்றில் கலக்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது; கண்ணுக்குத் தெரியாது, இருமல் வராது, எரிச்சலும் இருக்காது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும், உடம்பால் கரைத்து வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை தலைகாட்டப் பத்து வருடமும் ஆகலாம், நாற்பது வருடமும் ஆகலாம். அதனால்தான் "நான் எத்தனை வருஷமா ஷீட் அறுக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற மேஸ்திரியின் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரே கூரையின் கீழ் படுத்துத் தூங்குகிறவருக்கும், தினமும் ஷீட் அறுக்கிறவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. அளவும் காலமும் கூடக்கூட ஆபத்து கூடும். புகைபிடிக்கிறவராக இருந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் இன்னும் பல மடங்கு.

வீட்டில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதலில் கூரை. சாம்பல் நிறம், அலை அலையாக வளைவு, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனம், 1.05 மீட்டர் அகலம். ஒரு வளைவின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு அளந்தால் 146 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரை அடி வரும். விரல் முட்டியால் தட்டினால் மண்சட்டி மாதிரி மந்தமான சத்தம்; தகரம் மாதிரி அதிராது. கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட்டும் தார் வாஷரும் போட்டு இரும்பு பைப்பிலோ மரச்சட்டத்திலோ கட்டியிருப்பார்கள்.

டார்ச் அடித்து ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கம் வெயிலிலும் மழையிலும் அழிந்திருந்தாலும் அடியில் கம்பெனிப் பெயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மங்கலாகத் தெரியலாம். முத்திரையோடு "ஐ.எஸ். 459" என்ற எண் இருந்தால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம்; நெளிவு ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு அது. ஏற்கெனவே உடைந்த மூலை ஒன்று இருந்தால், உடைந்த வாயில் பஞ்சு மாதிரி வெள்ளை இழைக் கற்றைகள் நீட்டிக்கொண்டிருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். பார்ப்பதற்காகப் புதிதாக உடைக்காதீர்கள், விரலால் நிமிண்டவும் வேண்டாம்.

கலர் தகரம், கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட் இரண்டும் பார்த்தாலே தெரிந்துவிடும். குழப்புவது ஒன்றுதான்: கல்நாருக்குப் பதில் வேறு இழை போட்ட சிமெண்ட் ஷீட். இது சமீப வருடங்களில் வந்தது, பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். பில் இருந்தால் பில்லைப் பாருங்கள். பில்லும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க இந்த விஷயத்தில் கடைப்பிடிக்கும் விதியும் இதுதான்: இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இருக்கிறது. என் கருத்தில், பழைய சாம்பல் நிற நெளிவு ஷீட்டுக்கு ஆய்வகத்தில் காசு கொடுப்பது வீண்.

சமதள சீலிங் அட்டை மாதிரி உண்மையிலேயே சந்தேகம் வருகிற பொருளுக்குச் சோதனை செய்யலாம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தைக் கேளுங்கள். நுண்ணோக்கியில் வைத்து இழையின் வகையைச் சொல்வார்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைந்த ஓரத்திலிருந்து ஒரு ரூபாய் நாணய அளவு எடுத்து, இரண்டு ஜிப் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு மூடுங்கள். எடுத்த இடத்தில் பெயிண்டையோ எம்-சீலையோ பூசிவிடுங்கள்.

கூரையோடு நின்றுவிடாதீர்கள். பழைய வீட்டில் இன்னும் சில இடங்கள் உண்டு. மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் சாம்பல் நிறக் குழாய், கழிவறையின் காற்றுக்குழாய், முகட்டில் கவிழ்த்திருக்கும் மடிப்பு ஷீட், ஜன்னல் மேல் போட்ட சின்ன சாய்ப்பு, அறையை இரண்டாகத் தடுத்த தட்டையான அட்டை. பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குள் வெள்ளைத் துணி மாதிரி ஒன்று சுற்றியிருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே. வீட்டோடு பேக்கரியோ பட்டறையோ இருந்தால் அடுப்புக் கதவைச் சுற்றிய வெள்ளைக் கயிற்றைக் கவனியுங்கள். அது சிமெண்டில் இறுகியது அல்ல. கை பட்டாலே தூசி பறக்கும். ஷீட்டைவிட ஆபத்தானது, தொடாமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ பழைய வீடு வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே குழாய்மேல் சுற்றிய காப்பு, தரை ஓடு, சொரசொரப்பான சீலிங் பூச்சு என்று பட்டியல் வேறு, சட்டமும் கடுமையானது. பிரிட்டன் 1999-லும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் முழுத் தடை கொண்டுவந்துவிட்டன. அதற்கு முந்தைய வீடு என்றால் சுவரில் ஆணி அடிக்குமுன் தகுதி பெற்ற ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் சுரங்கம் தோண்டத்தான் தடை, கல்நாரை இறக்குமதி செய்து ஷீட் போட அல்ல. இலங்கை 2017-ல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. அதே வருடக் கடைசியில், தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடும் ரஷ்யாதான். இலங்கை தன் முடிவைத் தள்ளிப்போட்டது, தேயிலையும் மறுபடி கப்பல் ஏறியது. வண்டு யார் தலையில் ஏறியது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

கழற்றவா, விடவா?

ஏணியை சுவரில் சாத்தி, ஓரத்திலிருந்து பாருங்கள். ஷீட் மேல் கால் வைக்கவே கூடாது.

விரிசல் இல்லை, ஓரம் உதிரவில்லை, தேங்காயோ குரங்கோ விழுகிற இடத்தில் இல்லை என்றால் அப்படியே விடலாம். கழற்றுவதால் கிடைக்கும் லாபத்தைவிட, மோசமாகக் கழற்றினால் வரும் நஷ்டம் அதிகம். ஒன்றிரண்டு விரிசல் என்றால் ஒட்டிச் சமாளிக்கலாம். மேல்பரப்பு சொரசொரத்து நார் நாராகத் தெரிவது, அடியில் மாவு மாதிரித் தூள் உதிர்வது, ஒவ்வொரு மழைக்கும் புதிதாக ஒரு ஓட்டை, இதெல்லாம் கழற்றும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். வீட்டை எப்படியும் இடித்துக் கட்டப் போகிறீர்கள் என்றால், பொக்லைன் வருவதற்கு முன் ஷீட்டைத் தனியாக முழுசு முழுசாக இறக்கிவிடுங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடிபாட்டோடு கலந்த கல்நாரை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

விட்டுவைப்பதானால்

பெயிண்ட் அடிப்பது நல்லது. வெயிலுக்காக அடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் இழையையும் பூட்டிவைக்கும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் பெயிண்டர் வந்ததும் முதல் வேலையாகக் கம்பி பிரஷ்ஷை எடுத்துப் பாசியைச் சுரண்ட ஆரம்பிப்பார். அங்கேதான் நிறுத்த வேண்டும். சுரண்டலும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம், கார் கழுவும் பிரஷர் மெஷினும் வேண்டாம். பாசிக்கொல்லி மருந்தைத் தெளித்து, பாசி காய்ந்து மழையில் தானாகப் போனதும் பெயிண்ட் அடிக்கட்டும்.

விரிசலுக்கு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு தார் டேப் ஒட்டுங்கள். ஃபேன் மாட்ட, கேபிள் இழுக்க, டிஷ் ஆன்டெனா வைக்க ஷீட்டில் துளை போட விடாதீர்கள். கொக்கி எதுவானாலும் இரும்பு பைப்பில்தான். கீழே சீலிங் போட்டால் சூடும் குறையும், உதிர்கிற தூளும் தலையில் விழாது. அதையும் பைப்பிலிருந்து தொங்கவிடச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் இருப்பவரால் கூரையை மாற்ற முடியாது, ஆனால் இவ்வளவும் செய்துகொள்ளலாம்.

கூரைநீர் சொட்டும் கீழ்ப்பக்க மண்ணிலும், மழைநீர்க் கால்வாயில் படியும் சேற்றிலும் இழை சேர்ந்திருக்கும். கால்வாயைச் சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளிக் கவரில் கட்டுங்கள். காய்ந்தபின் விளக்குமாறு போட்டால் எல்லாம் காற்றில். கூரைநீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள்: விழுங்கும் இழையால் கேடு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் பழைய ஷீட்டிலிருந்து வரும் நீரைச் செடிக்கும் கிணற்று ஊற்றுக்கும் விடுவதே என் யோசனை.

கழற்றும் வேலை, படிப்படியாக

நாள் குறிப்பதில் ஆரம்பிக்கலாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; ஆடியில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். காற்று அடங்கிய காலை நேரம் நல்லது. இலேசான தூறலுக்குப் பிறகான ஈரம் தூசிக்கு நல்லதுதான், ஆனால் வழுக்கும்.

முந்தின நாள் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். ஜன்னலை மூடவும், கொடியில் துணி போடாமல் இருக்கவும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் இருக்கவும் சொல்லுங்கள். கிணறு, சம்ப் இரண்டையும் மூடுங்கள். அறையில் இருக்கும் சாமானை வெளியே எடுங்கள். எடுக்க முடியாததைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். கூரையடியில் ஓடும் கரண்ட் வயரை இணைப்பு நீக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

ஆள் பிடிக்கும்போது "ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு" என்று பேசினால் வேகமாக உடைத்துத் தள்ளுவார்கள். நாள் கூலி பேசுங்கள், முழுசாக இறக்கினால் கொஞ்சம் கூடக் கொடுங்கள். மூன்று மீட்டர், அதாவது பத்தடி ஷீட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் இல்லாமல் ஆகாது.

முகக்கவசம். துண்டைக் கட்டிக்கொள்வதும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்த இழைக்கு ஒன்றுமே இல்லை. ரப்பர் விளிம்புள்ள பாதி முகக் கவசத்தில் பி100 ஃபில்டர் போட்டது வேண்டும். பாதுகாப்புச் சாதனக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. எஃப்.எஃப்.பி.3 கவசமும் சரி. என்95 துணியைவிடத் தேவலை, ஆனால் இந்த வேலைக்கு உரியது அல்ல. தாடி இருந்தால் எந்தக் கவசமும் முகத்தில் ஒட்டாது, ஓரம் வழியாகக் காற்று போய்விடும். உடம்புக்கு முழுக்க மூடும் ஒருமுறை உடை. இல்லாவிட்டால் தூக்கிப்போடத் தயாராக இருக்கும் பழைய முழுக்கைச் சட்டை, தலைக்குத் தொப்பி. இதெல்லாம் உங்களுக்கு மட்டும் வாங்கி, வேலையாட்களுக்கு வாங்காமல் விடுவது நியாயம் இல்லை.

அடுத்து நனைப்பது. புதிதாக வாங்கிய கைத்தெளிப்பானில் தண்ணீரோடு பாத்திரம் கழுவும் லிக்விட் சில துளி விடுங்கள். சோப்பு இருந்தால் நீர் ஷீட்டுக்குள் இறங்கும். போல்ட்டைச் சுற்றியும், ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்திலும் நன்றாகத் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பீய்ச்சினால் தூசியையே கிளப்பிவிடுவீர்கள். காயக் காயத் தெளித்துக்கொண்டே இருக்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

இப்போது போல்ட். முப்பது வருடம் துருப்பிடித்த ஜே போல்ட் ஸ்பேனருக்கு அசையாது. ஆட்கள் வழக்கமாகச் செய்வது என்ன தெரியுமா? போல்ட்டைச் சுற்றி ஷீட்டை சுத்தியலால் கொத்தி, ஓட்டை பண்ணி, ஷீட்டை உருவிவிடுவார்கள். ஒரு ஷீட்டுக்கு நாலைந்து இடம், முழுக் கூரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் முந்தின நாளே நட்டில் துரு எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாததை அடிப்பக்கம் பைப்பை ஒட்டி போல்ட் கட்டராலோ ஹாக்ஸா பிளேடாலோ அறுங்கள். அறுபடுவது இரும்பாக இருக்கட்டும். கிரைண்டர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஏறுவது பற்றி. கல்நாரால் வரும் நோய்க்குப் பல வருடம் ஆகும், ஷீட் உடைந்து கீழே விழ ஒரு நொடி போதும். "போல்ட் வரிசை மேல நடந்தா தாங்கும்" என்பதை நம்பாதீர்கள். பழைய ஷீட் எந்த இடத்தில் வெடித்திருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, பெயிண்ட் அடித்திருந்தால் சுத்தமாகத் தெரியாது. முடிந்தவரை உள்ளே சாரம் கட்டி, கீழிருந்தே போல்ட்டை அறுத்து ஷீட்டை எடுங்கள். மேலே போயே ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று பைப்பைத் தாண்டி நிற்கிற நீளமான பலகை போட்டு, அதன் மேல் நின்று, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி வேலை செய்யட்டும். பெல்ட் கயிற்றைக் கட்டுவது உறுதியான தூணில்.

முதலில் முகட்டு மடிப்பு, பிறகு கடைசியாகப் போட்ட ஷீட்டிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக. இழுக்காமல் தூக்கி எடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று உரசினாலும் தூசிதான். மேலிருந்து போடுவதும் சாய்த்து வழுக்கவிடுவதும் கூடாது, கை மாற்றிக் கை இறக்குங்கள்.

கீழே தடித்த பாலிதீன் தாளை, 200 மைக்ரான் இருந்தால் நல்லது, விரித்து வைத்து அதன் மேல் அடுக்குங்கள். பத்துப் பத்தாக அடுக்கி, நனைத்து, தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் போடுங்கள். உடைந்த துண்டுகளை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வெறும் கோணிச்சாக்கு தூசியை நிறுத்தாது. ஒவ்வொன்றின் மேலும் "ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதே" என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். வண்டி ஏற்றுகிறவர் படிப்பது அதைத்தான்.

கூட்டுவது இல்லை; ஈரத் துணியால் துடைப்பது மட்டும். சுவர் மேல்விளிம்பு, பைப்பின் முதுகு, தரை எல்லாம். வீட்டு வேக்குவம் கிளீனர் இழையை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும். துடைத்த துணியும் பையில் போகட்டும். கடைசியில் உடையை நனைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மாஸ்க்கை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கழற்றி, அங்கேயே தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். கல்நார் ஆலைத் தொழிலாளியின் சட்டையைத் துவைத்த மனைவிக்கும் நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இறக்கிய ஷீட் எங்கே போகும்?

2016-ன் அபாயகரமான கழிவு விதிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவும் பட்டியலில் இருக்கிறது. அப்படியென்றால் குப்பை வண்டியில் போடக் கூடாது, ஏரிக்கரையில் கொட்டக் கூடாது. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் புதைக்கும் பாதுகாப்பான நிலையம் உள்ளது. தனி வீட்டுக்காரர் நேராக அங்கே லாரி அனுப்புவது நடைமுறையில் சுலபம் இல்லை. மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எத்தனை ஷீட், எத்தனை கிலோ என்று எழுத்தில் கொடுத்து வழி கேளுங்கள், மாநகராட்சியிலும் ஒரு நகல் கொடுங்கள். பதில் வரத் தாமதம் ஆகலாம். கட்டிய கட்டு மழை படாத மூலையில் இருந்தால் கெட்டுப்போகாது. அவசரப்பட்டு யார் தலையிலும் கட்டாதீர்கள்.

பழைய ஷீட்டைக் கேட்டு ஆள் தானாக வருவார். கோழிக்கூண்டுக்கு, குளியலறைத் தடுப்புக்கு, சாக்கடை மூடிக்கு. அவர் அதை அளவுக்கு அறுக்கப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. துண்டுகளை உடைத்துத் தரை மட்டம் பண்ணுவதும் அப்படித்தான். மேலே நடக்க நடக்க அரைபடும்.

புயலுக்கு அப்புறம் இதே விதிகள் இன்னும் முக்கியம். 2018-ல் கஜா அடித்த டெல்டா ஊர்களில் ஓடும் ஷீட்டும் தென்னையும் ஒன்றாகக் கிடந்தன. அந்த நிலையில் பி100 எங்கே தேடுவது? ஈரம் இருக்கும்போதே துண்டுகளைப் பொறுக்குங்கள், கிடைத்த நல்ல மாஸ்க்கைப் போடுங்கள், வெறுங்காலோடு போகாதீர்கள், எரிக்கும் குப்பையோடு சேர்க்காதீர்கள். கல்நார் எரியாது, தீயில் ஷீட் பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறும்.

மாற்றுக் கூரைக்கு வந்தால், மங்களூர் ஓடு குளிர்ச்சி, ஆனால் கனம் அதிகம். தாங்கும் மரச்சட்டம் புதிதாக வேண்டும். கலர் தகரம் இலேசு, அடியில் வெப்பக்காப்பு போடாவிட்டால் மே மாதம் உள்ளே இருக்க முடியாது, காற்றுக்கும் நன்றாக முடுக்க வேண்டும். கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட் வாங்கினால், பில்லில் "ஆஸ்பெஸ்டாஸ் அற்றது" என்று எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே தூசி பட்டவர்கள்

ஒரு தடவை ஷீட்டில் துளை போட்டவர் மறுநாள் எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டாம். படத்தில் எதுவும் தெரியாது, அந்த ஒரு தடவையால் வரும் அபாயமும் மிகச் சிறியது. புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். வருடக்கணக்கில் ஷீட் ஆலையிலோ, கப்பல் உடைக்கும் இடத்திலோ, கூரை வேலையிலோ இருந்தவர் கதை வேறு. மூச்சு வாங்குதல், நாள்பட்ட வறட்டு இருமல் இருந்தால் நுரையீரல் மருத்துவரிடம் போய், முதலிலேயே எந்த வேலை, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காசநோய், ஆஸ்துமா என்ற பக்கம் போய்விட வாய்ப்பு உண்டு. ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தொழில்நோய், ஈ.எஸ்.ஐ. இழப்பீட்டுப் பட்டியலிலும் உண்டு. ஆலையில் வேலை பார்த்தவருக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது: 1995-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.